முட்டை ஆகாத அண்ணி

“உங்க கடையில முட்டை எங்கெல்லாம் இருக்கு?”

அண்ணி சின்னவளிடம் பேசிய முதல் வார்த்தை இதுதான். அப்போது அவள் இன்னும் அண்ணி ஆகவில்லை. கல்யாணத்துக்கு நாள் குறித்திருந்தார்கள், அவ்வளவே. அண்ணனைப் பார்க்க வந்தேன் என்று சொல்லிக்கொண்டு பேக்கரிக்குள் நுழைந்தவள், அவன் ரொட்டி வண்டியை எடுத்துக்கொண்டு வெளியே போயிருக்கிறான் என்று தெரிந்த பிறகும் திரும்பிப் போகவில்லை. கண்ணாடி அலமாரிக்கு அந்தப் பக்கம் நின்று, கேக்கில் பெயர் எழுதிக்கொண்டிருந்த சின்னவளின் கையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, குசலம்கூட விசாரிக்காமல் அப்படிக் கேட்டாள்.

வீட்டில் கடைசிப் பிள்ளை என்பதால் எல்லோருக்கும் அவள் சின்னவள். அவசியம் இருந்தால்தான் வாயைத் திறப்பாள். கேக்கில் எழுதுகிற வாழ்த்துதான் அவள் ஒரு நாளில் சொல்லும் நீளமான வாக்கியம் என்று அண்ணன் கிண்டல் செய்வான். அன்றைக்கும் அவள் யோசித்துவிட்டு, “எங்க இல்லைன்னு கேட்டீங்கன்னா சொல்றது சுலபம்” என்றாள்.

“சரி, எங்க இல்ல?”

சின்னவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். “காலண்டர்ல இல்ல.” பிறகு அந்தக் காலண்டரின் தாளைத் தினமும் கிழிப்பது மாவும் முட்டையும் ஒட்டிய அப்பாவின் கைதான் என்பது ஞாபகம் வந்தது. “அதுலயும் இருக்கலாம்.”

வந்தவள் சிரித்துவிட்டாள். சிரித்த கையோடு, தனக்கு முட்டை ஆகாது என்பதை உன் அண்ணன் சொன்னாரா என்று கேட்டாள். முட்டை பிடிக்காது என்று சொன்னதாகச் சின்னவள் சொன்னாள்.

“பிடிக்காதுன்னா சொன்னாரு? பிடிக்குமா பிடிக்காதான்னு எனக்கே தெரியாதே. ருசி தெரிஞ்சாத்தானே.”

பிறகு விஷயத்தை விளக்கினாள். முட்டை உள்ளே போனால் முதலில் உதடு அரிக்கும். அப்புறம் உடம்பெல்லாம் தடித்துத் தடித்து எழும்பும். வாந்தி வரும். சில சமயம் தொண்டை அடைத்துக்கொண்டு மூச்சுக்கே தடுமாறும். எப்போது எதுவரை போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. லேசாக அரித்துவிட்டு அடங்கியதும் உண்டு, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியதும் உண்டு.

ஒரு துளி பட்டால்கூடவா என்று சின்னவள் கேட்டாள். ஒரு துளி பட்டால்கூட என்றாள் அவள். அப்படியென்றால் உலகத்தில் இத்தனை வீடுகள் இருக்க, எதற்காக ஒரு பேக்கரி வீட்டுக்கு வாழ வருகிறாள் என்பது சின்னவளுக்கு விளங்கவில்லை. அதைக் கேட்கலாமா கூடாதா என்று தயங்கி, கேட்டும் விட்டாள்.

“உங்க அண்ணன் முட்டையிலேர்ந்து வந்தவர் இல்லையே.”

சின்னவளுக்குச் சிரிப்பில் கை நடுங்கி, யாரோ ஒரு குழந்தையின் பெயரில் கடைசி எழுத்து கேக்கின் விளிம்புவரை இழுத்துக்கொண்டு போய்விட்டது. சின்னவள் அதைச் சுரண்டி எடுக்கும்போது, இதையெல்லாம் கேட்டுப் பயந்துவிட்டாயா என்று வந்தவள் விசாரித்தாள்.

“இல்ல. குழம்பிட்டேன்.”

“நல்லதாப் போச்சு. நான் பொறந்ததுலேர்ந்து அப்படித்தான் இருக்கேன். துணைக்கு ஒரு ஆள் ஆச்சு.”

அண்ணிக்கு வேலை ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில். நாள் முழுக்க வெளிச்சம் குறைந்த ஒரு சின்ன அறையில், வருகிறவர்களின் மூக்கில் கனத்த இரும்புச் சட்டத்தை மாட்டி, வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, “இது தெளிவா இருக்கா, முன்னாடி போட்டது தெளிவா இருந்துச்சா?” என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். முக்கால்வாசிப் பேருக்கு பதில் தெரியாது. இரண்டும் ஒன்றுபோல இருக்கிறது என்பார்கள். இல்லை, முதலில் போட்டதை இன்னொரு தடவை போடுங்கள் என்பார்கள். தப்பாகச் சொல்லிவிட்டால் கண் போய்விடுமோ என்று வேர்த்துக் கொட்டுவார்கள். தெரியாததைத் தெரியாது என்று சொன்னாலே போதும், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அவர்களைத் தட்டிக்கொடுப்பாள். கடை முதலாளியைவிட அவளைத் தேடித்தான் ஆட்கள் வருவார்கள்.

முட்டைக்கும் அவளுக்கும் உள்ள பகை, நடக்கப் பழகிய வயதில் தொடங்கியது. அவித்த முட்டையின் வெள்ளையைக் கொஞ்சம் நசுக்கி ஊட்டியிருக்கிறார்கள். முகம் உப்பிக் கண் இரண்டும் மூடிக்கொண்டன. ஏதோ பூச்சி கடித்துவிட்டது என்று வீடு முழுக்கப் படுக்கையை உதறிப் பூச்சியைத் தேடினார்களாம். மறுபடி ஒருநாள் ஊட்டியபோதுதான் பூச்சி தட்டிலேயே இருந்தது தெரிந்தது. வளர வளரச் சரியாகிவிடும், நிறையப் பிள்ளைகளுக்கு அப்படித்தான் என்று டாக்டர்கள் சொன்னார்கள். அவளுக்குச் சரியாகவில்லை. ஏன் ஆகவில்லை என்று கேட்டால் அதற்கும் யாரிடமும் பதில் இல்லை.

பள்ளிக்கூடத்தில் யாருக்குப் பிறந்தநாள் வந்தாலும் இவளுக்கு மட்டும் வீட்டிலிருந்து கொண்டுபோன டப்பா. மேலே இருக்கிற க்ரீமை வழித்துவிட்டு “இப்போ சாப்பிடு கண்ணு” என்று கேக்கை நீட்டிய டீச்சர் ஒருவர் உண்டு. நிஜமாகவே முகம் வீங்குமா என்று பார்க்கிற ஆசையில் ஆம்லெட் வைத்த ரொட்டியோடு மைதானம் முழுக்க அவளைத் துரத்திய தோழியும் உண்டு. பெரியவளாகி வெளியே சாப்பிடப் போன இடங்களில், “முட்டையெல்லாம் இல்லைங்க, வெறும் மயோனைஸ்தான்” என்று நெஞ்சில் கைவைத்துச் சத்தியம் செய்த பரிமாறுகிறவர்களைப் பற்றி அவள் நடித்துக் காட்டினால் வயிறு வலிக்கும். அந்த மயோனைஸே முட்டையை அடித்துச் செய்வதுதான் என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்லி முடிப்பதற்குள் பசியே போய்விடும் என்பாள்.

கல்யாணமாகி வந்த பிறகு வீடு இரண்டாகப் பிரிந்தது. கீழே பேக்கரி, மேலே குடியிருப்பு. மேலே முட்டை ஏறக்கூடாது என்று அப்பாவே சட்டம் போட்டார். அப்பாவும் அண்ணனும் மாடிப்படிக்குக் கீழேயே சட்டையை மாற்றி, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டுதான் மேலே வருவார்கள். ஆம்லெட் இல்லாமல் காலை விடியாத அண்ணன், கீழே பாத்திரம் கழுவும் இடத்தில் திருடன் மாதிரி நின்று சாப்பிட்டுவிட்டு வாயைக் கொப்பளித்துக்கொண்டு வருவான். சொந்த வீட்டிலேயே சுங்கச்சாவடியா என்று அம்மா முணுமுணுத்தாள். முணுமுணுத்தபடியே மேல் சமையலறைக்குப் புதுக் கரண்டி, புதுத் தோசைக்கல் எல்லாம் வாங்கிப் போட்டவளும் அவள்தான்.

வந்த புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அண்ணி எல்லோரையும் கூடத்தில் உட்காரவைத்து, ஊசி இல்லாத ஒரு பயிற்சிப் பேனாவைக் கையில் கொடுத்தாள். அவள் கைப்பையில் எப்போதும் அவசர மருந்து அடைத்த இரண்டு ஊசிப் பேனாக்கள் இருக்கும். மூச்சுத் திணறினால் மூடியைக் கழற்றி, தொடையின் வெளிப்பக்கத்தில் துணிக்கு மேலேயே அழுத்திப் பிடிக்க வேண்டும். உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். அண்ணன் நோயாளியாகப் படுத்துக்கொண்டு செத்துப்போகிறவன் மாதிரி கண்ணைச் செருகினான். அப்பா பன்னுக்கு ஜாம் வைக்கிறவர் போலப் பேனாவைப் பக்குவமாகப் பிடித்தார். அம்மா அதைத் தொடவே மாட்டேன் என்று எழுந்துபோய்விட்டாள். சின்னவள் இரண்டு தடவை அழுத்திப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

அப்பாவுக்கு ஒரு குறை இருந்தது. ஊரெல்லாம் அவர் பன்னைச் சாப்பிடுகிறது, வீட்டுக்கு வந்த பெண் சாப்பிடவில்லை. அந்தக் குறையைத் தீர்க்க அவர் மெனக்கெட்டதில்தான் இந்தக் கதையின் முடிச்சு விழுந்தது.

அவர் கடைப் பன்னின் மாவில் முட்டை கிடையாது. அடுப்புக்குள் போகும் முன் அதன் தலையில் அடித்த முட்டையைப் பூசுவார்கள். அந்தப் பளபளப்பு அதனால் வருவது. ஆகவே மருமகளுக்கென்று தனியாக மாவு பிசைந்து, தனித் தட்டில் வைத்து, முட்டை பூசாமல் சுட்டு எடுத்தார். சுட்டு எடுத்ததைப் பார்த்தால் முகம் செத்துக் கிடந்தது. இப்படி ஒரு பன்னைத் தன் கையால் ஒருவருக்குக் கொடுக்க அவருக்கு மனசு வரவில்லை. அடுப்பிலிருந்து வெளியே வந்த சூட்டோடு மேலே பாலைத் தடவினார். மினுமினுவென்று வந்துவிட்டது. அதற்கு மருமகள் பன் என்று பெயரும் வைத்துவிட்டார். வேலை முடிந்து அண்ணி வரும் நேரத்துக்கு, சட்டை மாற்றி, கை கழுவி, மூடி போட்ட டப்பாவில் வைத்து அவரே மேலே கொண்டுபோவார். அவள் முதல் வாய் கடிக்கும்வரை வாசற்படியில் நிற்பார்.

“மாமா, இதைச் சாப்பிடறதுக்காகவே இன்னொரு தடவை கல்யாணம் பண்ணிக்கலாம்” என்பாள் அண்ணி.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. பிறகு ஒருநாள் பன்னைச் சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் அண்ணியின் உதடு அரித்தது. மாத்திரை போட்டாள், அடங்கியது. அடுத்த நாள் அதே பன், ஒன்றும் ஆகவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. பிறகு ஒருநாள் கழுத்தெல்லாம் தடித்தது. ஜாமாக இருக்கலாம் என்று ஜாமை நிறுத்தினாள். வெண்ணெயாக இருக்கலாம் என்று வெண்ணெயை நிறுத்தினாள். டீக்குப் போடுகிற பால்வரை சந்தேகப்பட்டாள். பன்னை மட்டும் அவளும் சந்தேகப்படவில்லை, மற்றவர்களும் படவில்லை. அதை அப்பா அவ்வளவு கண்ணும் கருத்துமாகச் செய்தார்.

நடுவில் ஒரு கூத்து நடந்தது. அண்ணனின் நண்பன் வீட்டு விசேஷத்தில் யாரோ நீட்டிய பிஸ்கட்டை, முட்டை இல்லை என்ற வார்த்தையை நம்பி அண்ணி சாப்பிட்டுவிட்டாள். சாப்பிட்ட பிறகுதான் அதில் முட்டை போட்டிருந்தது தெரிந்தது. ஊசிப் பேனா இருந்த பையைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி காத்திருந்தார்கள். ஒன்றுமே ஆகவில்லை. முட்டை போட்ட பிஸ்கட் ஒன்றும் செய்யவில்லை, முட்டையே ஏறாத வீட்டில் கழுத்து தடிக்கிறது என்றால் யாருக்குத்தான் தலையும் காலும் புரியும்? சின்னவள் கேக்கில் எழுதும்போதுகூட இதையே யோசித்து, ஒருநாள் மணமகள் பெயருக்குப் பதிலாக மாமியார் பெயரை எழுதிவைத்துவிட்டாள்.

இன்னொரு நாள் பன் சாப்பிட்ட பிறகு அண்ணி வாந்தி எடுத்தாள். அம்மாவின் முகத்தில் ஆயிரம் விளக்கு எரிந்தது. மருமகளைச் சாய்வு நாற்காலியில் உட்காரவைத்து, முதுகைத் தடவிக்கொடுத்து, யாருக்கும் சொல்லாதே என்று சொல்லிவிட்டு, தன் அக்காவுக்கும் தங்கைக்கும் போன் போட்டாள். அதெல்லாம் இல்லை அத்தை என்று அண்ணி எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை, வெட்கப்படுகிறாள் என்றாள். பரிசோதித்துப் பார்த்து இல்லை என்று ஆனதும் விளக்கெல்லாம் அணைந்தது. குழந்தையும் இல்லை, முட்டையும் இல்லை என்றால் மிச்சம் இருப்பது மனசுதான் என்று அம்மா ஒரு முடிவுக்கு வந்தாள். அதைக் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. சின்ன வயதிலிருந்து பயந்து பயந்து வளர்ந்த பெண், வாய் அரித்தால்கூட முட்டை என்று தோன்றும், பாவம் என்றுதான் சொன்னாள். ஆனால் அந்தப் பாவம் என்ற சொல் அண்ணியின் காதில் விழுந்தது.

அண்ணி டாக்டரிடம் போய் ரத்தம் கொடுத்துச் சோதித்தாள். சின்ன வயதில் இருந்த அளவைவிட இப்போது குறைந்திருப்பதாக முடிவு வந்தது. டாக்டரம்மா நிறைய விஷயம் சொன்னார். நன்றாக வெந்த முட்டை சிலருக்கு ஒத்துக்கொள்ளும், அரைகுறையாக வெந்ததும் பச்சையானதும் அதே ஆளுக்கு ஒத்துக்கொள்ளாது. ரத்தத்தில் அளவு குறைந்தது என்றால் ஆபத்து குறைந்தது என்று அர்த்தம் இல்லை. வேண்டுமானால் ஆஸ்பத்திரியில் வைத்து, கண் முன்னால் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துப் பார்க்கலாம். வீட்டில் யாரும் எதையும் முயற்சி செய்யக்கூடாது. இவ்வளவையும் அண்ணி வீட்டில் வந்து ஒன்றுவிடாமல் ஒப்பித்தாள். வீட்டார் காதில் ஏறியது ஒன்றே ஒன்று: குறைந்திருக்கிறது.

“குறைஞ்சிடுச்சாமே” என்று அம்மா கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள்.

அதற்குப் பிறகு அண்ணி மாறிப்போனாள். உதடு அரித்தாலும் சொல்வதில்லை. கண்ணாடிக்கு முன்னால் போய் நின்று முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். என்ன அண்ணி என்று கேட்டால், ஒண்ணுமில்ல என்பாள். கடையில் அடுத்தவர் கண்ணைத் துல்லியமாகச் சோதிக்கிறவளுக்குத் தன் உடம்பு சொல்வது நிஜமா பிரமையா என்று தெரியாமல் போனது. ஒருநாள் துணி மடித்துக்கொண்டிருக்கும்போது அவளே சின்னவளிடம் அதைச் சொன்னாள். பஸ்ஸில் வரும்போது, எதுவுமே சாப்பிடாமல், உதடு அரித்ததாம். “அத்தை சொல்றதுதான் சரியோன்னு தோணுது. எனக்கே என்னை நம்ப முடியல.” சின்னவள் மடித்த துணியையே பிரித்து மறுபடி மடித்தாள்.

அது நடந்தது ஒரு விடுமுறை நாள் பிற்பகலில். கடையில் கூட்டம் நெரித்ததால் பன் தட்டு தட்டாக அடுப்பில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அந்த நெருக்கடியிலும் அப்பா மருமகள் பன்னை மறக்கவில்லை. அண்ணன் வண்டியில் போயிருந்தான். மேலே அண்ணியும் அம்மாவும் சின்னவளும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அண்ணி பன்னை முழுதாகச் சாப்பிட்டு முடித்தாள். பேசிக்கொண்டே இருந்தவள் நடுவில் நிறுத்தினாள். தொண்டையைச் செருமினாள். மறுபடி செருமினாள்.

“என்னம்மா?” என்றாள் அம்மா.

“ஒண்ணுமில்ல அத்தை. முகம் கழுவிட்டு வரேன்.”

குளியலறைத் தாழ்ப்பாள் விழும் சத்தமும் குழாய் திறக்கும் சத்தமும் கேட்டன. தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. சின்னவள் டீயைக் கையில் வைத்துக்கொண்டு அந்தச் சத்தத்தையே கேட்டாள். போய்த் தட்டலாமா? தட்டினால், நீயும் என்னை நோயாளியாகப் பார்க்கிறாயா என்று வருத்தப்படுவாளோ? தட்டாமல் விட்டால்? விடு, வந்துவிடுவாள் என்று அம்மா சொன்னாள். சின்னவள் பாதி எழுந்து, உட்கார்ந்து, மறுபடி எழுந்தாள். கதவருகில் போய், அண்ணி என்று கூப்பிட்டாள்.

“ஒண்ணுமில்ல” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

வார்த்தை அதேதான். குரல்தான் அவளுடையதாக இல்லை. குடத்துக்குள் தலையை விட்டுக்கொண்டு யாரோ பேசுவது போல இருந்தது.

சின்னவள் அவ்வளவு சத்தமாக அதுவரை யாரையும் கூப்பிட்டதில்லை. அப்பா சட்டை மாற்றாமல், கை கழுவாமல் மாடிப்படியில் ஓடிவந்தார். தோளால் இரண்டு முறை இடித்ததில் தாழ்ப்பாள் பெயர்ந்தது. அண்ணி சுவரில் சாய்ந்து தரையில் கிடந்தாள். உதடு இரண்டு மடங்காகியிருந்தது, கையெல்லாம் திட்டுத்திட்டாகச் சிவந்திருந்தது, ஒவ்வொரு மூச்சும் விசிலடித்தது. உள்ளே போகப் போன அப்பாவைச் சின்னவள் தடுத்தாள்; கையில் மாவும் முட்டையும் இருக்கும், தொடாதீர்கள் என்றாள். அவர் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். அம்மா தண்ணீர் கொடு, எலுமிச்சம்பழம் கொடு என்று எதையெதையோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

சின்னவள் கைப்பையைக் கவிழ்த்துப் பேனாவை எடுத்தாள். அந்த நேரத்தில்கூட, இது நிஜமா, ஒருவேளை வேறு எதுவாவதோ, போட்டால் ஏதாவது ஆகிவிடுமோ என்று மண்டைக்குள் கேள்விகள் முட்டிமோதின. எந்த முனை மேலே, எந்த முனை கீழே என்பது மறந்தே போனது. அண்ணி கையை லேசாகத் தூக்கி, அதைத் திருப்பு என்று விரலால் காட்டினாள். சின்னவள் திருப்பி, தொடையில் வைத்து அழுத்தினாள்.

ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தபோது பேசிய பெண், நோயாளியை எழுப்பி நடக்க வைக்கக்கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னாள். கீழே தெருவரை கைத்தாங்கலாக நடத்திக் கூட்டிப் போய்விடலாம் என்று அப்பா சொல்லிக்கொண்டிருந்தார், அதைக் கேட்டு நிறுத்திக்கொண்டார். மூச்சு சீராகவில்லை என்றதும் போனில் பேசிய பெண் இரண்டாவது பேனாவையும் போடச் சொன்னாள். அதைப் போடும்போது சின்னவளின் கை தடுமாறவில்லை. ஆம்புலன்ஸ்காரர்கள் வருவதற்குள் விசில் சத்தம் கொஞ்சம் தணிந்திருந்தது. நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். ரொட்டி வாங்க வந்தவர்கள் வழிவிட்டு ஒதுங்கி நின்றார்கள்.

ஆஸ்பத்திரியில், ஆபத்து நீங்கிவிட்டது, ஆனாலும் மறுபடி வரக்கூடும் என்பதால் இன்றைக்கு இங்கேயே இருக்கட்டும் என்று சொன்ன பிறகு, ரத்தம் சோதித்த அதே டாக்டரம்மா எல்லோரையும் கூப்பிட்டு, என்ன சாப்பிட்டாள் என்று விசாரித்தார். பன் என்றார்கள். அதில் முட்டை இல்லை என்று அப்பா சொன்னார். தான் ஒன்றையும் மறைக்கவில்லை என்று காட்டுகிறவர் போல, செய்முறையை ஆதியோடந்தமாகச் சொல்ல ஆரம்பித்தார். தனி மாவு. தனித் தட்டு. முட்டை பூசுவதே கிடையாது. வெளியே எடுத்ததும் சூட்டோடு பால்.

பால் என்று சொன்னபோது அவர் வலது கை காற்றில் இப்படியும் அப்படியும் தடவியது. கட்டை விரலும் இரண்டு விரல்களும் எதையோ பிடித்திருந்தன. சின்னவள் அந்தக் கையைப் பார்த்தாள்.

“அப்பா, எதால தடவுவீங்க?”

“பிரஷ்ஷாலதான்.”

“எந்த பிரஷ்?”

“என்னடி கேள்வி இது? நம்ம பிரஷ்தான். நல்லா சுடுதண்ணியில அலசிட்டுத்தான்—”

அதோடு நின்றுவிட்டார். கடையில் ஒரே பிரஷ். காலையிலிருந்து முட்டைக் கிண்ணத்தில் முங்கி எழுகிற பிரஷ். சுடுதண்ணீர் பட்டால் முட்டை வெந்து முடிகளின் அடியில் பிடித்துக்கொள்ளும் என்பது பேக்கரியில் தினமும் காண்பதுதான். தட்டு தனி, மாவு தனி, கரண்டி தனி என்று எண்ணி எண்ணி ஒதுக்கியவர், அதை மட்டும் எண்ணவில்லை. எத்தனையோ வருஷமாகப் பிடித்ததில் அது அவருக்குப் பாத்திரம் பண்டமாகவே தோன்றவில்லை; ஆறாவது விரலாகிவிட்டிருந்தது. ரொட்டி மட்டும் போடுகிற நாள்களில் பிரஷ் முந்தின நாளே கழுவிக் காய்ந்திருக்கும். அன்றைக்கெல்லாம் அண்ணி தப்பித்திருக்கிறாள். பன் வேலை மும்முரமான நாள்களில் முட்டைக் கிண்ணத்திலிருந்து எடுத்து ஒரு அலசு அலசி, வெந்து முடிந்த பன்னின் மேல், சரியாக வேகாத முட்டை கலந்த பாலை அவர் கையாலேயே பூசியிருக்கிறார்.

அப்பா நடைபாதைப் பெஞ்சில் போய் உட்கார்ந்து இரண்டு கைகளையும் மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டார். பால்தானே தடவினார், பால்தானே தடவினார் என்று அம்மா திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். யாரிடம் சொல்கிறாள் என்று தெரியவில்லை. தகவல் தெரிந்து ஓடிவந்த அண்ணன், யார்மேல் கோபப்படுவது என்று புரியாமல், தண்ணீர் வராத குடிநீர்க் குழாயைத் திருகிக்கொண்டே நின்றான்.

பஸ்ஸில் எதுவும் சாப்பிடாமல் உதடு அரித்தது எதனால் என்று சின்னவள் டாக்டரம்மாவிடம் கேட்டாள். இருக்கைக் கம்பியில் யாராவது எதையாவது தடவியிருக்கலாம், வேறு ஏதாவதாகவும் இருக்கலாம், வெறும் வறட்சியாகவும் இருக்கலாம். எல்லாவற்றுக்கும் காரணம் சொல்ல முடியாது என்றார் அவர். கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துப் பார்க்கும் சோதனை இப்போதைக்கு வேண்டாம் என்றும் சொன்னார். பிரஷ் விஷயம் தெரிந்ததும் எல்லா முடிச்சும் அவிழ்ந்துவிடும் என்று சின்னவள் எதிர்பார்த்தாள். பெரிய முடிச்சு ஒன்று அவிழ்ந்தது. சின்னச் சின்னதாக நாலைந்து அப்படியே கிடந்தன.

மறுநாள் காலையில் அண்ணியின் முகம் பழையபடி ஆகியிருந்தது. கண்ணுக்குக் கீழே மட்டும் கொஞ்சம் உப்பல். அப்பா உள்ளே வரத் தயங்கி வாசலிலேயே நின்றார். “உள்ள வாங்க மாமா, நீங்க பால்தானே தடவுனீங்க” என்று அவள் கரகரத்த குரலில் சொன்னாள். அதற்கு அவர் அழுதுவிட்டார். அம்மா கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து, இனிமேல் நீ சொன்னால் சொன்னதுதான் என்று போர்வையை இழுத்து இழுத்துச் சரிசெய்தாள். வீட்டுக்குப் போகக் கையெழுத்து வாங்க வேண்டும் என்று அண்ணன் அவர்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு வெளியே போனான்.

சின்னவளும் அண்ணியும் தனியாக இருந்தார்கள். ஊசி அழுத்திய இடத்தில் கன்றியிருந்ததை அண்ணி புடவையை விலக்கிப் பார்த்துவிட்டு, கேக்கில் எழுதுகிற கைக்கு இவ்வளவு பலம் ஆகாது என்றாள். சின்னவள் சிரிக்கவில்லை.

“கதவை ஏன் தாழ் போட்டீங்க?” என்று கேட்டாள்.

அண்ணி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாள். மூச்சு முட்டியபோதுகூட, வெளியே வந்து சொன்னால் மறுபடி எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்களே என்றுதான் தோன்றியதாம். தானாக அடங்கிவிடும், முகம் கழுவினால் சரியாகிவிடும் என்று நினைத்தாளாம். நிஜமாகவே வந்திருக்கிறதா, தானாக வரவழைத்துக்கொள்கிறோமா என்று அங்கே தரையில் உட்கார்ந்துகூட யோசித்துக்கொண்டிருந்தாளாம்.

“நீங்க ஒண்ணுமில்லன்னு சொன்னீங்க. நான் திரும்பிப் போகத்தான் இருந்தேன்.”

“தெரியும்.” அண்ணி இப்போது திரும்பி அவளைப் பார்த்தாள். “இத்தனை வருஷமா எல்லார்கிட்டயும் ஒண்ணுதான் கெஞ்சிட்டு இருந்தேன். எனக்கு முடியலன்னு சொன்னா நம்புங்கன்னு. உன்கிட்ட வேற ஒண்ணு கேக்கறேன். செய்வியா?”

“சொல்லுங்க அண்ணி.”

“நான் ஒண்ணுமில்லன்னு சொன்னேன்னா, அதை நம்பாதே.”